மேசை மலைக்கு யார் அனுமதி தருவது?

புது தில்லி: மலையேற்றத்தில் நாட்டம் கொண்டவர்களின் கனவில் வரும் மலைகள் இரண்டு வகைப்படும். ஒன்று, பனி மூடிய கூர்ஞ்சிகரம். மற்றொன்று, கத்தியால் சீவியதுபோல் உச்சி தட்டையாக இருக்கும் மேசை மலை. முதல் வகையில் உச்சியைத் தொட்ட சில நிமிஷங்களில் இறங்கியாக வேண்டும். இரண்டாவது வகையில் ஏறி முடித்த பிறகுதான் பயணமே தொடங்குகிறது. மேகங்களுக்கு மேலே ஒரு சமவெளி விரிந்து கிடக்கும். நாள் முழுவதும் அதில் நடக்கலாம்.

இவ்வகை மலைகளில் உலகப் புகழ் பெற்றது தென் அமெரிக்காவின் ரொரைமா. வெனிசூலா, பிரேசில், கயானா ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகள் சந்திக்கும் இடத்தில் சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் அது நிற்கிறது. பிரிட்டிஷ் ஆய்வாளர் எவரார்ட் இம் தர்ன் 1884-இல் அதன் உச்சியை அடைந்தார். அதன் பின்னரும் அந்த மலையின் மர்மம் ஐரோப்பியர்களை விடவில்லை. ஆர்தர் கோனன் டாயில் 1912-இல் எழுதிய 'தி லாஸ்ட் வேர்ல்ட்' நாவலுக்கு அந்த நிலப்பரப்புதான் தூண்டுகோல் என்று கருதப்படுகிறது.

அத்தகைய மலையைக் காண இந்தியர்கள் கடல் கடக்க வேண்டியதில்லை. தெற்கு ஒடிஸாவின் ராயகடா, காளஹண்டி, கோராபுட் மாவட்டங்களில் கிழக்குத் தொடர்ச்சி மலைகள் வரிசையாகத் தட்டை உச்சிகளைத் தாங்கி நிற்கின்றன. நியமகிரி, பஞ்சபட்மாலி, பாஃப்லிமாலி, சிஜிமாலி, குட்ருமாலி, கோடிங்கமாலி என்பன அவற்றின் பெயர்கள். அப்பகுதியினரின் பேச்சில் 'மாலி' என்றால் மலை. தமிழரின் காதுக்கு அந்தச் சொல் அந்நியமாக ஒலிக்காது. அம்மலைகளில் வாழும் கோண்டுப் பழங்குடியினர் பேசும் குயி, குவி ஆகிய இரண்டும் தமிழைப் போலவே திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஆயினும் இந்த மலைகளின் மீது ஏறி நடக்க விரும்பும் ஓர் இளைஞர், யாரிடம் அனுமதி கேட்பது என்ற கேள்வியைச் சந்திக்கிறார். வனத் துறையா, மாவட்ட ஆட்சியரா, காவல் நிலையமா, மலையடிவார கிராமமா? அந்தக் கேள்விக்குள் கடந்த கால் நூற்றாண்டு இந்திய அரசியலின் பெரிய வழக்கு ஒன்று அடங்கியிருக்கிறது. அதே மலையின் உச்சியை வெட்டி எடுத்துச் செல்ல வேண்டுமானால் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதே அந்த வழக்கு.

உச்சி தட்டையானது ஏன்?

இம்மலைகளின் அடிப்படைப் பாறைக்குக் 'கோண்டலைட்' என்று பெயர். கோண்டுப் பழங்குடியினரின் பெயரைக் கொண்டே நிலவியல் அறிஞர்கள் அப்பெயரைச் சூட்டினர். லட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பெய்த மழை அந்தப் பாறையின் மேற்பகுதியில் இருந்த கரையக்கூடிய பொருள்களைக் கரைத்துக் கொண்டுபோய்விட, அலுமினியமும் இரும்பும் மிகுந்த கெட்டியான செம்பாறைத் தொப்பி உச்சியில் எஞ்சியது. சுற்றிலும் உள்ள நிலம் அரிக்கப்பட்டுத் தாழ்ந்துபோக, தொப்பி மூடிய பகுதி மட்டும் மேசைபோல் உயர்ந்து நிற்கிறது. அந்தத் தொப்பியில் இருப்பதுதான் பாக்ஸைட்.

ஆக, மலையேறுபவரை ஈர்க்கும் தட்டை உச்சியும், அலுமினிய ஆலைகளை ஈர்க்கும் கனிமமும் ஒன்றேயாகும். நான்கு முதல் ஆறு டன் வரையிலான பாக்ஸைட்டிலிருந்து சுமார் இரண்டு டன் அலுமினாவும், அதிலிருந்து ஒரு டன் அலுமினியமும் கிடைக்கின்றன. மலையேறுபவர் கயிற்றை மாட்டும் கொக்கி, ஊன்றும் தடி, கூடாரத்தின் கம்பி ஆகியவற்றில் பெரும்பாலானவை இதே உலோகத்தால் ஆனவை என்பதையும் மறந்துவிடலாகாது.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1970-களில் கிழக்குக் கடற்கரைப் பாக்ஸைட் படிவங்களைக் கண்டறிந்தது. நாட்டின் பாக்ஸைட் இருப்பில் பெரும் பங்கு ஒடிஸாவில் உள்ளது. 1981-இல் தொடங்கப்பட்ட பொதுத் துறை நிறுவனமான நால்கோ, 1980-களின் நடுப்பகுதியிலிருந்து பஞ்சபட்மாலியின் உச்சியைத் தோண்டி வருகிறது. அதன் பின்னர் ஒவ்வொரு மேசை மலைக்கும் ஒரு நிறுவனம் உரிமை கோரத் தொடங்கியது.

எதிர்ப்பும் உடனுக்குடன் எழுந்தது. பாஃப்லிமாலி சுரங்கத் திட்டத்துக்கு எதிரான போராட்டத்தின்போது, 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் தேதி காசிப்பூர் வட்டாரத்தின் மைக்கஞ்ச் கிராமத்தில் காவல் துறையினர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். பழங்குடியினர் மூவர் உயிரிழந்தனர். ஆனாலும் திட்டம் நின்றுவிடவில்லை. இன்று பாஃப்லிமாலியில் சுரங்கம் இயங்குகிறது.

தரிசு அல்ல, தண்ணீர்த் தொட்டி

மேசை மலைகளின் உச்சியில் பெருமரங்கள் அதிகம் இல்லை. கெட்டியான செம்பாறையில் வேர் இறங்காததால் புல்வெளியே மிகுதி. சரிவுகளில்தான் அடர்ந்த காடு. 'உச்சியில் மரமே இல்லை. தரிசு நிலத்தைத் தோண்டுவதால் என்ன நஷ்டம்?' என்ற வாதம் இதிலிருந்துதான் பிறந்தது.

இந்த வாதத்துக்குப் பதில் அடிவாரத்தில் இருக்கிறது. நுண்துளைகள் நிறைந்த பாக்ஸைட் படிவம் பருவமழை நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் சுனைகளாகவும் ஓடைகளாகவும் சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. வம்சதாரா நதி நியமகிரி வட்டாரத்தில் பிறந்து ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் கடலில் கலக்கிறது. நாகாவளி நதியும் காளஹண்டி மலைகளில் தோன்றி ஆந்திரத்துக்குள் பாய்வதே. ஒடிஸாவின் ஒரு மலையுச்சிக்கு நேரும் கதி, மாநில எல்லைக்கு அப்பால் உள்ள வயல்களையும் தொடும்.

நியமகிரியில் வாழும் டோங்கிரியா கோண்டு மக்களின் எண்ணிக்கை சுமார் 8,000. அன்னாசி, ஆரஞ்சு, வாழை, மஞ்சள், இஞ்சி ஆகியவற்றைச் சரிவுகளில் பயிரிட்டுச் சந்தைக்குக் கொண்டுவரும் தோட்டக்காரர்கள் அவர்கள். ஓடைகளைக் காப்பவர்கள் என்ற பொருளில் 'ஜர்னியா' என்று தங்களை அழைத்துக்கொள்கின்றனர். மலையின் அதிபதியான நியம ராஜாவே அவர்களது தெய்வம். நியமடோங்கர் என்னும் உச்சி அவருடைய இருப்பிடம். எனவே அங்கு மரம் வெட்டுவதில்லை. ஆண்டுதோறும் நியம ராஜா திருவிழாவுக்காக நூற்றுக்கணக்கானோர் அதன் மீது ஏறுகின்றனர். ஆக, அந்த மலையில் மலையேற்றம் புதிதன்று. அதற்கான மரபும் ஒழுங்கும் ஏற்கெனவே உள்ளன.

ஏறுபவருக்கு எத்தனை கதவுகள்!

வெளியூர்ப் பயணிக்கோ நிலைமை வேறு. ஒடிஸாவில் 13 சமூகங்கள் மிகவும் பாதிப்புக்குள்ளாகக் கூடிய பழங்குடியினர் என்று வகைப்படுத்தப்பட்டுள்ளன. டோங்கிரியா கோண்டுகளும் போண்டாக்களும் அவற்றுள் அடங்குவர். புதன்கிழமைதோறும் கூடும் சாட்டிகோணாச் சந்தைக்கு மலையிலிருந்து இறங்கிவரும் டோங்கிரியாப் பெண்களைப் படம் பிடிப்பதற்கென்றே வெளிநாட்டுச் சுற்றுலாக் குழுக்கள் வரத் தொடங்கியிருந்தன. அந்தமானில் ஜாரவா பெண்களைப் பயணிகள் முன்னிலையில் ஆடவைத்த ஒளிப்படக் காட்சி 2012 ஜனவரியில் வெளியாகி நாடு முழுவதும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. அதைத் தொடர்ந்து ஒடிஸா அரசும் இத்தகைய பழங்குடியினரின் குடியிருப்புகளுக்குள் பயணிகள் நுழைவதற்கும் அவர்களைப் படம் எடுப்பதற்கும் கட்டுப்பாடுகளை அறிவித்தது.

அவ்வாண்டு மார்ச் மாதத்தில் இன்னொரு கதவு மூடிக்கொண்டது. கந்தமால்-கஞ்சம் மாவட்ட எல்லையில் காட்டுக்குள் சென்ற இத்தாலியர் இருவரை மாவோயிஸ்டுகள் கடத்தினர். அவர்களில் ஒருவர் பூரியில் தங்கி மலையேற்றப் பயணங்களை நடத்தி வந்தவர். ஒருவர் மார்ச் 25-ஆம் தேதியும் மற்றவர் ஏப்ரல் 12-ஆம் தேதியும் விடுவிக்கப்பட்டனர். இடையே மார்ச் 24-ஆம் தேதி, கோராபுட் மாவட்ட லட்சுமிபூர் தொகுதியின் ஆளுங்கட்சிச் சட்டப்பேரவை உறுப்பினர் ஜினா ஹிகாகா கடத்தப்பட்டார். அவர் ஏப்ரல் 26-ஆம் தேதிதான் திரும்பினார். முந்தைய ஆண்டுகளிலும் நிலைமை அமைதியாக இல்லை. 2009 ஏப்ரலில் பஞ்சபட்மாலி சுரங்கத்தையே மாவோயிஸ்டுகள் தாக்கி, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பலரைக் கொன்றனர்.

இவற்றின் விளைவாக, தெற்கு ஒடிஸாவின் மலைகள் நீண்ட காலம் மலையேற்ற வரைபடத்திலிருந்தே விலகி நின்றன. முதுகில் பையுடன் காட்டுக்குள் செல்பவர் யாராயினும், ஒரு தரப்புக்கு உளவாளியாகவும் மறுதரப்புக்குத் தீவிரவாத ஆதரவாளராகவும் தோன்றக்கூடிய சூழல் நிலவியது. மலைவாழ் மக்களுக்கும் அதே கதிதான். நியமகிரி பாதுகாப்பு சமிதிக்கு மாவோயிஸ்டுகளுடன் தொடர்பு இருப்பதாக மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2016-17 ஆண்டறிக்கை குறிப்பிட்டதும், சமிதியினர் அதை வன்மையாக மறுத்ததும் இங்கு நினைவுகூரத்தக்கன.

பன்னிரண்டு கிராமங்களின் தீர்ப்பு

ஏறுபவருக்கு இத்தனை கதவுகள் என்றால், மலையைத் தோண்ட வந்தவர்களுக்கு எத்தனை? நியமகிரியின் வரலாறு இதற்கு விடையளிக்கிறது.

மலையடிவாரத்து லாஞ்சிகரில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் திறன் கொண்ட அலுமினா ஆலையை அமைக்க வேதாந்தா நிறுவனத்துக்கு 2004-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. ஆலைக்கு வேண்டிய பாக்ஸைட், மாநில அரசுக்குச் சொந்தமான ஒரிஸா சுரங்கக் கழகத்தின் வழியாக நியமகிரி உச்சியிலிருந்து வரும் என்பது ஏற்பாடு. உச்சியைத் தோண்ட அனுமதி கிடைப்பதற்கு முன்பே ஆலை எழுந்து நின்றது. சுமார் 660 ஹெக்டேர் வனநிலத்தைச் சுரங்கத்துக்குத் திருப்பிவிட 2008 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் இசைவு தெரிவித்தது.

இந்நிலையில், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அமைத்த என்.சி. சக்சேனா குழு 2010 ஆகஸ்டில் அறிக்கை அளித்தது. ஏழு சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட புனித வனநிலம் உரித்தெடுக்கப்படும் என்றும், வன உரிமைச் சட்டம் மீறப்பட்டுள்ளது என்றும் அக்குழு கூறியது. ஆகஸ்ட் 24-ஆம் தேதி அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அனுமதியை மறுத்தார். அதற்கு இரண்டு நாள் கழித்து ராகுல் காந்தி லாஞ்சிகருக்கே சென்று, தில்லியில் பழங்குடியினரின் சிப்பாயாக இருப்பதாக அறிவித்தார். நவீன் பட்நாயக் தலைமையிலான மாநில அரசோ, தொழில் வளர்ச்சியை மத்திய அரசு தடுக்கிறது என்று குற்றம் சாட்டியது. மலை, தில்லிக்கும் புவனேஸ்வரத்துக்கும் இடையிலான பந்தாக மாறியது.

சுரங்கக் கழகம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2013 ஏப்ரல் 18-ஆம் தேதி நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், கே.எஸ். ராதாகிருஷ்ணன், ரஞ்சன் கோகோய் அடங்கிய அமர்வு அளித்த தீர்ப்பு, முடிவைத் தில்லியிலிருந்தும் புவனேஸ்வரத்திலிருந்தும் எடுத்து மலைக்கே அனுப்பியது. மக்களின் நில உரிமையை மட்டுமன்றி, நியம ராஜாவை வழிபடும் உரிமை பாதிக்கப்படுமா என்பதையும் கிராம சபைகளே ஆராயலாம் என்று நீதிமன்றம் கூறியது. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ள ஒருவர் முன்னிலையில் கூட்டங்கள் நடைபெற வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் இருக்க, மாநில அரசு பன்னிரண்டை மட்டுமே தேர்ந்தெடுத்தது. மத்தியப் பழங்குடியினர் நலத் துறை அமைச்சர் கிஷோர் சந்திர தேவ் அதற்கு ஆட்சேபம் தெரிவித்தார். ராயகடாவில் ஏழு, காளஹண்டியில் ஐந்து. 2013 ஜூலை 18-ஆம் தேதி சேர்க்கபாடியில் தொடங்கி, ஆகஸ்ட் 19-ஆம் தேதி ஜரபாவில் கூட்டங்கள் முடிவுற்றன. பன்னிரண்டு கிராமங்களும் ஒருமித்துச் சுரங்கத்தை நிராகரித்தன. 2014 ஜனவரியில் மத்திய அரசு இறுதியாக அனுமதி மறுத்தது. கிராம சபைகளை மீண்டும் கூட்டக் கோரிய சுரங்கக் கழகத்தின் மனுவை 2016-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

லாஞ்சிகர் ஆலை இன்றும் இயங்குகிறது. பாக்ஸைட் வேறு இடங்களிலிருந்து வருகிறது. நியமகிரியின் உச்சி அப்படியே இருக்கிறது.

சிகரத்துக்குச் சற்று முன்பே நிற்பது

ஓர் உச்சியைப் புனிதம் என்று அரசே ஏற்பது இந்தியாவில் முன்னுதாரணம் இல்லாத செயல் அன்று. உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரமான கஞ்சன்ஜங்கா 8,586 மீட்டர் உயரம் கொண்டது. 1955 மே 25-ஆம் தேதி பிரிட்டிஷ் குழுவினர் நேபாளத்தின் பக்கமாக அதன் மீது முதன்முதலில் ஏறியபோது, சிக்கிம் மன்னருக்கு அளித்த வாக்குறுதியை மதித்து உச்சிக்குச் சில அடிகள் கீழேயே நின்றுவிட்டனர். பின்வந்தோர் பலரும் அந்த மரபைப் பின்பற்றினர். 2001-இல் சிக்கிம் அரசு, 1991-ஆம் ஆண்டின் வழிபாட்டு இடங்கள் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, கஞ்சன்ஜங்கா உள்ளிட்ட புனிதச் சிகரங்களில் ஏறுவதற்குத் தடை விதித்தது. 2019 ஆகஸ்டில் வெளிநாட்டவருக்காக 137 சிகரங்களை மத்திய அரசு திறந்துவிட்டபோதும், சிக்கிமில் எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன.

ஒப்பிட்டுப் பார்த்தால் முரண்பாடு விளங்கும். சிக்கிமில் மனிதப் பாதம் பதிவதையே தடுக்க ஓர் அரசாணை போதுமானதாக இருந்தது. நியமகிரியில் பொறிகள் உச்சியை அகற்றாமல் தடுப்பதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுப் போராட்டமும், ஒரு நிபுணர் குழுவும், உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் தேவைப்பட்டன.

மாறிவரும் சட்டம்

நியமகிரித் தீர்ப்பின் அடித்தளம் இரண்டு சட்டங்கள். பட்டியலினப் பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் வழங்கிய 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம் ஒன்று. நாடாளுமன்றம் 2006 டிசம்பரில் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டம் மற்றொன்று. கிராம சபையின் ஒப்புதல் இன்றி வனநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற முன்மொழியக் கூடாது என்று 2009 ஆகஸ்டில் சுற்றுச்சூழல் அமைச்சகம் சுற்றறிக்கை அனுப்பியது.

2022 ஜூனில் வெளியான புதிய வனப் பாதுகாப்பு விதிகள் இந்த வரிசையைக் கலைத்தன. மத்திய அரசு ஒப்புதல் அளித்த பின்னர், வன உரிமைகள் நிறைவேற்றப்பட்டுவிட்டனவா என்பதை மாநில அரசு உறுதி செய்துகொண்டால் போதும் என்ற நிலை ஏற்பட்டது. தேசியப் பழங்குடியினர் ஆணையத்தின் அப்போதைய தலைவர் ஹர்ஷ் சௌஹான் இதற்கு எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவித்தார். பதவிக் காலம் முடிவதற்கு முன்பே, 2023 ஜூனில் அவர் விலகினார்.

அடுத்து வந்தது வனப் பாதுகாப்புத் திருத்த மசோதா. வழக்கமாக இத்தகைய மசோதா, அறிவியல், சுற்றுச்சூழல் துறைகளுக்கான நிலைக்குழுவுக்குச் செல்லும். அக்குழுவின் அப்போதைய தலைவர், 2010-இல் நியமகிரிக்கு அனுமதி மறுத்த அதே ஜெய்ராம் ரமேஷ். மசோதாவோ 2023 மார்ச்சில் தனியே அமைக்கப்பட்ட கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. ரமேஷ் எதிர்ப்புத் தெரிவித்தார். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சிலர் மாற்றுக் கருத்துகளைப் பதிவு செய்தபோதிலும், கூட்டுக் குழு எந்தத் திருத்தத்தையும் பரிந்துரைக்கவில்லை. மணிப்பூர் விவகாரத்தின் அமளிக்கிடையே ஜூலை 26-ஆம் தேதி மக்களவையும், ஆகஸ்ட் 2-ஆம் தேதி மாநிலங்களவையும் மசோதாவை நிறைவேற்றின.

மலையேற்ற ஆர்வலர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பகுதி அச்சட்டத்தில் உண்டு. வனத்தின் செயல்திட்டங்களில் இடம்பெறும் சூழல் சுற்றுலா வசதிகள், 'வனம் சாராத பயன்பாடு' என்ற வரையறையிலிருந்து நீக்கப்பட்டுள்ளன. அரசு நடத்தும் உயிரியல் பூங்காக்களுக்கும் சஃபாரிகளுக்கும் இதே சலுகை அளிக்கப்பட்டது. இடதுசாரித் தீவிரவாதம் பாதித்த பகுதிகளில் ஐந்து ஹெக்டேர் வரையிலான பாதுகாப்பு, பொதுப் பயன்பாட்டுப் பணிகளுக்கும் விலக்கு உண்டு. இச்சட்டத்தை எதிர்த்த வழக்கில், 2024 பிப்ரவரி 19-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. வனம் என்ற சொல்லுக்கு 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு தந்த அகராதிப் பொருளே தொடர வேண்டும் என்றும், தனது அனுமதி இன்றி வனத்தில் உயிரியல் பூங்காவோ சஃபாரியோ அமைக்கக் கூடாது என்றும் அதில் கூறப்பட்டது.

சுரங்கத்துக்கு எதிராகச் சுற்றுலாவை நிறுத்தி, இரண்டாவதே பழங்குடியினருக்கு நன்மை என்று பேசுவோர் தலைநகரில் பலர். ஆனால், கிராம சபையைக் கேளாமல் வரும் விடுதியும் கம்பிவடமும் சுரங்கத்தைவிட மெல்லக் காயப்படுத்தும் என்பதே வேறுபாடு. நியமகிரியில் சாலைகள் போடப்படுவதையே பல கிராமங்கள் ஐயத்துடன் பார்க்கின்றன. பயணியின் வாகனம் வரும் சாலையில் லாரியும் வரும் என்பது அவர்களது அனுபவம்.

சிஜிமாலி: இப்போதைய சோதனை

நியமகிரிக்குக் கிடைத்த பாதுகாப்பு அண்டை மலைகளுக்குக் கிடைக்குமா என்பதுதான் இன்றைய கேள்வி. காசிப்பூர், துவாமூல் ராம்பூர் வட்டாரங்களில் பரவியுள்ள சிஜிமாலியில் 31 கோடி டன் பாக்ஸைட் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. 2023-இல் நடந்த ஏலத்தில் வேதாந்தா நிறுவனம் அதை வென்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் எதிர்ப்பாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். அக்டோபரில் பொது விசாரணைகள் பலத்த காவலுடன் நடைபெற்றன. டிசம்பரில் கிராம சபைகள் கூடி ஒப்புதல் அளித்துவிட்டதாக அரசுப் பதிவுகள் கூறுகின்றன. அத்தகைய கூட்டங்கள் நடைபெறவே இல்லை என்று கிராமத்தினர் பலர் மறுக்கின்றனர். சுரங்கத்தால் வேலைவாய்ப்பும் சாலையும் மருத்துவமனையும் வரும் என்று எதிர்பார்ப்போரும் அப்பகுதியில் இல்லாமல் இல்லை.

இங்கே 2013-ஆம் ஆண்டின் கூட்டங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் நீதித் துறை அதிகாரி ஒருவர் அமர்ந்திருந்தார். பத்திரிகையாளர்கள் பார்வையாளர்களாக இருந்தனர். என்ன கேட்கப்பட்டது, என்ன பதில் வந்தது என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை. சிஜிமாலியில் கூட்டம் நடந்ததா என்பதே சர்ச்சையாகிவிட்டது. நியமகிரிக்குச் செய்ததை மற்ற மலைகளுக்கும் செய்ய வேண்டும் என்று சட்டம் எங்கும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு வழக்கில் நீதிமன்றம் காட்டிய அக்கறையை நாடாளுமன்றம் பொதுவிதியாக்கவில்லை.

வழிகாட்டி முன்னே, பயணி பின்னே

மலையேறும் கனவை இதனால் கைவிட வேண்டியதில்லை. ஒடிஸாவின் மிக உயர்ந்த சிகரமான கோராபுட் மாவட்டத்துத் தேவமாலி, 1,672 மீட்டர் உயரம் கொண்டது. மாநிலச் சுற்றுலாத் துறையே அதை விளம்பரப்படுத்துகிறது. உச்சியை ஒட்டி வாகனங்கள் செல்லச் சாலை உண்டு. விடுமுறை நாள்களில் கூட்டம் கூடி, குப்பையும் சேர்கிறது. எளிதில் எட்டக்கூடியதாக ஆகிவிட்ட உச்சியின் நிலை இது.

ரொரைமாவில் வேறொரு முறையைக் காணலாம். பரைடெபூய் என்னும் கிராமத்திலிருந்துதான் நடைப்பயணம் தொடங்குகிறது. அம்மண்ணின் பெமோன் பழங்குடியினரே வழிகாட்டிகளும் சுமை தூக்குவோரும் ஆவர். அவர்கள் துணையின்றிப் பயணி மலையேற முடியாது. போய்த் திரும்ப ஏறத்தாழ ஆறு நாள் ஆகும். அங்கும் குப்பை உண்டு, பூசல் உண்டு. எனினும் மலைக்குச் செல்லும் வழி அங்கு வாழ்வோரின் வாசல் வழியாகவே போகிறது.

ராயகடாவிலும் காளஹண்டியிலும் அத்தகைய ஏற்பாடு ஒன்று உருவாக வேண்டுமானால், அதற்கும் முதல் கையெழுத்து கிராம சபையுடையதாக இருக்க வேண்டும். எந்தப் பாதை, எந்த மாதம், எத்தனை பேர், உச்சிக்கு எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பனவற்றை அவர்கள் தீர்மானிக்கட்டும். வேண்டாம் என்று சொல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டு. கஞ்சன்ஜங்காவின் மீது ஏறியவர்கள் சில அடிகள் முன்பே நின்றதால் அவர்களுடைய சாதனை குறைந்துவிடவில்லை.

சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்ஸைட் தோண்டப்பட்டதை அறிந்த தமிழகத்துக்கு இந்த விவாதம் புதிதன்று. ஆலைகளுக்கு அலுமினியம் வேண்டும். நாட்டுக்கு மின்கம்பிகளும் ரயில் பெட்டிகளும் வேண்டும். அதற்காக எந்த மலையை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது என்பதை ஏல அறிவிப்பு மட்டுமே முடிவு செய்ய முடியாது.

மலையேறுபவர் சில நாள்களில் இறங்கிப் போய்விடுவார். அவரிடம் அடையாள அட்டை, வனத் துறையின் சீட்டு, காவல் நிலையத் தகவல் என்று அரசு பலவற்றைக் கேட்கிறது, கேட்பதில் தவறில்லை. மலையின் உச்சியையே எடுத்துச் செல்ல வருபவரிடம், மலையில் வாழ்வோரின் ஒப்புதலை அதே கண்டிப்புடன் கேட்கிறதா என்பதை அரசு விளக்க வேண்டும். சிஜிமாலியின் கிராமங்கள் கேட்பது அவ்வளவே: நியமகிரியில் 2013-இல் நடந்ததுபோல், நீதிபதி ஒருவர் முன்னிலையில் தங்கள் கிராம சபை மீண்டும் ஒரு முறை கூட வேண்டும்.